எடுத்தவர் கட்டும் வரையே சீட்டு

வங்கியின் வாசற்படியை மிதித்தறியாதவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கின்றனர். ஆனால், சீட்டு என்ற சொல்லைக் கேள்விப்படாத ஒரு தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ இந்நாட்டில் இருக்குமென நாம் கருதவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் ஆசிரியர் அறையிலும், மலையகத்தில் சம்பள நாளன்று லயத்து முற்றத்திலும், காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீட்டு விறாந்தையில் கூடும் பெண்களிடையேயும், கொழும்புப் புறக்கோட்டையின் கடைச் சிப்பந்திகளிடையேயும் அது நடந்துகொண்டே இருக்கின்றது. சிங்கள மக்களும் இதனைச் 'சீட்டு' என்றே அழைக்கின்றனர். புலம்பெயர்ந்த எம்மவர்கள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கொண்டு சென்றவற்றுள் கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடியாகச் சீட்டைத்தான் சொல்ல வேண்டும் என வேடிக்கையாகக் கூறுவாருமுளர்.

இவ்வளவு பரிச்சயமான ஒன்றைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பரிச்சயமே சிக்கலுக்குக் காரணமாகின்றது என்பது எமது எண்ணம். நிலம் வாங்கும்போது உறுதியைப் புரட்டிப் பார்க்கும் எம்மவர், சீட்டில் சேரும்போது யார் யார் சேர்ந்திருக்கின்றனர் என்று கூடக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கிறா என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கின்றது. பத்துச் சீட்டில் ஒன்பது சுமுகமாக முடிந்துவிடுவதால் இந்தப் பழக்கம் தொடர்கின்றது. முறியும் அந்த ஒரு சீட்டிலோ பணத்துடன் உறவும் போய்விடுகின்றது. சகோதரிகள் பேசாதிருக்கின்றனர், ஒரே பள்ளிவாசலுக்குச் செல்வோர் முகம் பாராது திரும்புகின்றனர்.

சீட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட வழிகள் ஏழைகளுக்கு எவ்வாறு அமைந்தன என்பதையும் இங்கு நோக்க வேண்டும். 2009இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதி நிறுவனங்கள் வீடு தேடி வந்து கடன் வழங்கின. கடன் பெற்றோரில் பெரும்பாலானோர் பெண்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என அவர்கள் சிக்கிக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. 2018 செப்ரெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் மற்றும் மனித உரிமைகள் தொடர்பான சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களின் மிதமிஞ்சிய வட்டியையும் அறவிடுவோரால் பெண்கள் எதிர்கொள்ளும் துன்புறுத்தல்களையும் சுட்டிக்காட்டியிருந்தார். 2021ஆம் ஆண்டில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதே கடன்களை இரத்துச் செய்யக் கோரியே. இத்தகைய கடன்களுக்குப் பதிலாக, பத்துப் பெண்கள் தமக்குள் ஒரு சீட்டைப் பிடித்து அதனால் ஒரு தையல் இயந்திரத்தையோ நான்கு ஆடுகளையோ வாங்க முடியுமாயின் அது சிறிய காரியமல்ல. ஆனால், அச்சீட்டு முறிந்தால் அவர்கள் மீண்டும் அதே கடன்காரரின் வாசலுக்கே செல்ல நேரிடும். ஆகவே சீட்டை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு முறியாது நடத்துவது என்பதைச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையதாகும் எனக் கருதுகின்றோம்.

முதலில் அதன் கணக்கைப் பார்ப்போம். 12 பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா வீதம் கட்டுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் 120,000 ரூபா சேரும். அத்தொகை முழுவதும் அம்மாதமே ஒருவருக்கு வழங்கப்படும். 12 மாதங்களில் பன்னிருவரும் ஒவ்வொரு முறை எடுத்திருப்பர். ஒவ்வொருவரும் கட்டியதும் 120,000, பெற்றதும் 120,000. எவருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை. அப்படியாயின் எதற்காக இதில் சேர வேண்டும்? தனியே சேமிக்கும் ஒருவர் 120,000 ரூபாவைக் காண்பதற்குப் பன்னிரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும். சீட்டில் சேர்ந்தவர்களுள் பதினொரு பேர் அதற்கு முன்னரே அதனைப் பெற்றுவிடுகின்றனர். கடைசியாக எடுப்பவரும் தனியே சேமித்திருந்தால் காத்திருக்க வேண்டிய அதே காலமே காத்திருக்கின்றார். ஒருவரையும் பின்தள்ளாது பதினொரு பேரை முன்னுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இது. பெஸ்லி, கோட், லௌரி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இதனைக் கணித முறையில் விளக்கியுள்ளனர். எமது பாட்டிமார் அதற்கு வெகுகாலம் முன்னரே விரல்விட்டு எண்ணி அறிந்திருந்தனர்.

கடைசியாக எடுப்பவருக்கும் ஒரு நன்மை உண்டு. தனியே சேமிக்கும் பணம் வீட்டில் தங்குவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மைத்துனருக்கு அவசரம், அயலில் ஒரு கலியாணம் எனக் கரைந்துவிடும். சீட்டுக் காசு என்று சொல்லிவிட்டால் அதனை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் மறுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. 'அது சீட்டுக் காசு' என்பது எமது வீடுகளில் பெண்கள் கையிலிருக்கும் வலுவான பூட்டாகும். உலகின் பல பகுதிகளிலும் இதே முறை வெவ்வேறு பெயர்களில் இருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். இந்தோனேசியாவில் அரிசான், எகிப்தில் கம்இய்யா, மேற்கிந்தியத் தீவுகளில் சூசூ, பாகிஸ்தானில் கமிட்டி என அழைக்கப்படுவன யாவும் எமது சீட்டின் உடன்பிறப்புகளே. மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962இல் இவற்றைப் பற்றி எழுதியபோது, கிராமிய வாழ்விலிருந்து வர்த்தக வாழ்வுக்கு ஏறும் ஏணியின் இடைப்படியாக இவற்றைக் கருதினார். வங்கிகள் பெருகியதும் இவை மறைந்துவிடும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது. வங்கி ஊழியர்களே தமக்குள் சீட்டுப் பிடிக்கும் இந்நாட்டில் அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது எனலாம்.

இனி விடயத்தின் மையத்துக்கு வருவோம். முதல் மாதம் 120,000 ரூபாவை எடுத்தவர், தான் கட்டிய 10,000 போக 110,000 ரூபாவை மற்றவர்களிடம் கடனாகப் பெற்றிருக்கின்றார். அக்கடனுக்கு வட்டியில்லை, உறுதியில்லை, பிணையுமில்லை. அடுத்த பதினொரு மாதங்களும் அவர் கட்டுவார் என்ற நம்பிக்கை ஒன்றே அதற்கு ஈடு. கடைசியாக எடுப்பவரோ பதினொரு மாதங்கள் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டே வருகின்றார். ஒரே வட்டத்தில் அமர்ந்திருக்கும் இவ்விருவரில் ஒருவர் கடனாளி, மற்றவர் கடன் கொடுத்தவர். சீட்டுப் பிடிப்பவர் இதனை மறந்துவிட்டால் ஏனைய எல்லா ஏற்பாடுகளும் வீணாகும். சீட்டில் யாரைச் சேர்ப்பது, எத்தனை பேர், எவ்வளவு தொகை, யாருக்கு முன்னர், யாருக்குப் பின்னர் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே உரைகல் உண்டு. தொகையை எடுத்த மறுமாதம் இவர் கட்டுவாரா என்பதே அது.

ஆட்களைத் தெரிவு செய்வதில் எம்மவர் விடும் பெருந்தவறு, நல்லவரையும் நம்பத்தக்கவரையும் ஒன்றாகக் கொள்வதாகும். மிக நல்ல மனிதர். ஆனால் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகின்றது. அவர் ஏமாற்ற மாட்டார், எனினும் கட்ட முடியாமற் போகலாம். 'அக்கா, இந்த மாதம் மட்டும் பொறுங்கோ' என்று உண்மையாகவே கண்ணீருடன் வந்து நிற்பார். மாதச் சம்பளக்காரரையும் நாட்கூலிக்காரரையும் ஒரே மாதச் சீட்டில் சேர்ப்பதை விட, நாட்கூலி பெறுவோர் தமக்குள் வாரச் சீட்டொன்றை நடத்துவது மேல். வாரம் 500 ரூபா கட்டக் கூடியவருக்கு மாத முடிவில் 2,000 ரூபாவை ஒருசேரக் கட்டுவது கடினம் என்பதைக் கஷ்டப்பட்டவர்கள் அறிவர். சந்தையில் மீன், மரக்கறி விற்போர் நாட்சீட்டுப் பிடிப்பதும் இதனாலேதான்.

சேர்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சீட்டுப் பிடிப்பவரை மட்டும் அனைவரும் அறிந்திருந்து, தமக்குள் ஒருவரையொருவர் அறியாதிருப்பின் அது ஒரு வட்டமாகாது. ஒருவர் கையில் பிடித்திருக்கும் பன்னிரண்டு நூல்களாகவே இருக்கும். அக்கை தளர்ந்தால் பன்னிரண்டும் சிதறும். தொடங்குவதற்கு முன் ஒருநாள் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டித் தேநீர் கொடுப்பது வீண் செலவல்ல. யார் யார் இருக்கின்றனர் எனப் பார்த்த பின்னர் விலக விரும்புபவர் விலகட்டும். சேராதிருப்பவரைக் கோபிக்கக் கூடாது. மனமின்றிச் சேர்ந்தவரே ஐந்தாம் மாதத்தில் தடுமாறுபவர்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பத்து முதல் பன்னிரண்டு பேர் என்பது அனுபவசாலிகள் பலர் கூறும் அளவு. 24 பேர் கொண்ட மாதச் சீட்டு இரண்டு வருடங்கள் நீளும். இரண்டு வருடத்தில் எம்மவர் வாழ்வில் எத்தனை மாற்றங்கள் நேர்கின்றன! ஒருவர் கட்டாருக்குச் செல்கின்றார், ஒருவர் மாற்றலாகி வவுனியாவுக்குப் போகின்றார், ஒருவரின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகின்றது. சீட்டை எடுத்துவிட்டு வெளிநாடு சென்றவரிடம் மீதியை அறவிடுவது எத்துணை கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெளிநாடு செல்லவிருப்பவர் அதனை முன்கூட்டியே கூறி, அவருக்காக இங்கு கட்டுவதற்கு ஒருவர் பொறுப்பேற்றால் மாத்திரமே அவருக்கு முன்வரிசையில் இடமளிக்கலாம். தொகையிலும் நிதானம் தேவை. சேர்பவர்களுள் வருமானம் குறைந்தவர் கஷ்டமான மாதத்திலும் கட்டக்கூடிய அளவே சீட்டின் தொகையாக இருக்க வேண்டும். கூடுதலாகக் கட்டக்கூடியவர் இரண்டு பங்கு எடுக்கட்டும். குறைவாகக் கட்டக்கூடிய இருவர் ஒரு பங்கை அரைவாசியாகப் பிரித்துக்கொள்ளட்டும். ஆயினும் ஒருவருக்கு மூன்று, நான்கு பங்குகள் கொடுப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். அவர் விழுந்தால் சீட்டு முழுவதும் விழும்.

யாருக்கு எப்போது என்பதுதான் அதிக மனத்தாங்கலுக்கு இடமளிப்பது. குலுக்கல் முறை பரவலானது. பெயர்களைச் சுருட்டிப் போட்டு ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுப்பிப்பது வழமை. அதில் பட்சபாதம் இல்லை என்பது உண்மையே. ஆனால், எல்லோருடைய பெயர்களையும் தொடக்கத்திலேயே குலுக்கி வரிசையைத் தீர்மானித்துவிடுவதா, மாதாமாதம் குலுக்குவதா என்பதில் வேறுபாடு உண்டு. தொடக்கத்திலேயே வரிசை தெரிந்தால் வீட்டுத் திட்டங்களை அதற்கேற்ப வகுக்கலாம். ஜனவரியில் பணம் தேவைப்படுபவர் ஜூனில் எடுப்பவருடன் மாற்றிக்கொள்ளலாம். மாதாமாதம் குலுக்கினால் அடுத்தது தனக்கே விழக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் எடுக்காதவர்கள் அனைவரும் தவறாது கட்டுவர். முன்பின் சீட்டுக் கட்டிப் பழகியவர்களிடையே முதலாவது முறையும், புதியவர்களிடையே இரண்டாவது முறையும் பொருத்தமானவை என்பது எமது கணிப்பு.

குலுக்கலின் குறை என்னவெனில், கட்டுவாரா மாட்டாரா எனத் தெரியாத புதியவருக்கே முதற் சீட்டு விழலாம். ஆகவே பழையவர்களின் பெயர்களை மட்டும் முதல் அரைவாசிக்குக் குலுக்கி, புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பின்னரைவாசிக்குக் குலுக்கும் வழக்கத்தைச் சில இடங்களில் காண்கின்றோம். இது புதியவரை அவமதிப்பதாகாது. ஆறு மாதங்கள் தவறாது கட்டியவர் அடுத்த சீட்டில் பழையவராகிவிடுகின்றார். இந்த விதியை முதல் நாளே கூறிவிட வேண்டும். இடையில் கூறினால் அது அவர் மீதான சந்தேகமாகவே கொள்ளப்படும். மரணம், சத்திரசிகிச்சை போன்ற பெரும் இடர் நேர்ந்தவருக்கு வரிசையை விட்டுக்கொடுக்கும் மரபும் எம்மிடையே உண்டு. அது எமது சீட்டின் பெருமை. அதற்கும் ஒரு வரம்பு வேண்டும்: விட்டுக்கொடுப்பவர் யார் என்பது பெயருடன் தெரிந்திருக்க வேண்டும், அவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரு மாதம் பின்தள்ளப்படுவது நியாயமாகாது.

சீட்டுப் பிடிப்பவரைப் பற்றி இரண்டு வார்த்தைகள். பெரும்பாலும் முதற் சீட்டு அவருக்கே என்பது எழுதாத ஏற்பாடு. அலைச்சலுக்கும் பொறுப்புக்குமான கைம்மாறு அது, அதில் தவறில்லை. அதற்குப் பதிலாக, ஒருவர் கட்டத் தவறினால் அம்மாதத்துக்குரிய தொகையைத் தனது கையிலிருந்து போட்டுச் சீட்டை நிறைவு செய்யும் கடமையும் அவருக்கு உண்டு. முதற் சீட்டை எடுத்துக்கொண்டு, தவணை தவறும்போது 'அவர் தரவில்லை, நான் என்ன செய்ய' எனக் கைவிரிப்பவர் தலைமைக்கு உரியவரல்லர். சேரும் முன்னரே இதனைக் கேட்டுத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. அவர் ஒரே நேரத்தில் எத்தனை சீட்டுகளைப் பிடிக்கின்றார் என்றும் கேட்க வேண்டும். ஒரு சீட்டில் விழுந்த துண்டை இன்னொரு சீட்டின் பணத்தால் நிரப்பத் தொடங்கும் நாளிலிருந்து அவருடைய சீட்டுகள் யாவும் ஒன்றையொன்று இழுத்து விழும். பெருந்தொகையாக முறிந்த சீட்டுகள் பலவற்றின் கதை இதுவே. தொடக்கத்தில் அவரிடம் வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை.

இதற்கு எளிய காப்பொன்று உண்டு. சேர்த்த பணம் சீட்டுப் பிடிப்பவரின் வீட்டில் ஓர் இரவும் தங்கக் கூடாது. பணம் சேரும் நாளிலேயே, முடிந்தால் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பணம் அவரிடம் தங்காவிடின் கையாடலுக்கு இடமில்லை. களவு போனதென்ற கதைக்கும் இடமில்லை. அந்நாளும் சம்பளம் கிடைத்து இரண்டொரு நாட்களுக்குள் அமைவது நல்லது. பத்து நாட்கள் கழித்து வைத்தால் பணம் பாதி கடைக்காரருக்குப் போயிருக்கும்.

கணக்குக் கொப்பி ஒன்று இல்லாத சீட்டில் எமது வாசகர்கள் எவரும் சேரக் கூடாது என்பதே எமது வேண்டுகோள். பெரிய கணக்கியல் எதுவும் தேவையில்லை. பெயர்கள் கீழ்நோக்கியும் மாதங்கள் குறுக்காகவும் எழுதிய ஒரு பக்கம் போதும். கட்டியவர் தனது கட்டத்தில் தானே கையொப்பமிட வேண்டும். எடுத்தவர் தொகையையும் திகதியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதற் பக்கத்தில் விதிகளை எழுதி அனைவரும் ஒப்பமிடுவது இன்னும் சிறப்பு. கையொப்பம் கேட்டால் நம்பிக்கையில்லை என நினைப்பார்களோ என்று எம்மவர் கூச்சப்படுகின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் திருக்குர்ஆன் விரிவாக அறிவுறுத்துகின்றது என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். நம்பிக்கையானவர்களிடையே எழுத்து எதற்கு எனக் கேட்போருக்கு அது போதிய விடையாகும். இப்போது பலர் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டு அதன் படத்தை வட்ஸ்அப் குழுவில் இடுகின்றனர். எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவு அது என்பதால் வரவேற்கத்தக்கதே. எனினும் கைத்தொலைபேசி தொலைந்தால் கணக்கும் தொலையும். கொப்பி இருக்கட்டும்.

ஒருவர் கட்டத் தவறினால் என்ன நேரும் என்பதை எண்களில் காண்போம். மேற்சொன்ன பன்னிருவர் சீட்டில், முதல் மாதம் எடுத்தவர் இரண்டு மாதங்கள் கட்டிவிட்டு மூன்றாம் மாதம் நின்றுவிட்டார் எனக் கொள்வோம். அவர் கட்டவேண்டிய மீதி 100,000 ரூபா. மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 120,000க்குப் பதிலாக 110,000 ரூபாவே சேரும். எடுக்காது காத்திருக்கும் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்தாயிரம் இழப்பர். ஆனால், இழப்பு இத்துடன் நிற்பதில்லை. நான்காம் மாதம் குறைந்த தொகையைப் பெற்றவர், 'எனக்குக் குறைத்தல்லவா தந்தீர்கள், நானும் குறைத்தே கட்டுவேன்' என்பார். ஐந்தாம் மாதம் இன்னொருவர் தாமதிப்பார். பத்தாயிரத்தில் தொடங்கிய துண்டு சீட்டையே விழுங்கும். ஆகவே முதல் தவறுதலின்போதே, அதே வாரத்தில், எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துச் சமாளிக்க முனைவதே சீட்டுப் பிடிப்பவர்கள் செய்யும் மிகப் பெரும் தவறு. கட்ட முடியாதவருக்குத் தவணையைப் பிரித்துக் கொடுக்கலாம். அவருக்குப் பதிலாக ஒருவரைச் சேர்க்கலாம். தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் பிணை நிற்பவர் ஒருவரைக் குறித்திருந்தால் அவரிடம் செல்லலாம். தொகையை இன்னும் எடுக்காதவர் இடையில் விலக நேர்ந்தால் அவர் கட்டிய பணம் எப்போது திருப்பிக் கொடுக்கப்படும் என்பதும் விதியில் இருக்க வேண்டும். சீட்டு முடியும்போது என்பதே பொதுவான வழமை.

மரணம் பற்றிப் பேசுவதை அபசகுனமாகக் கருதி எவரும் பேசுவதில்லை. எடுத்த பின் ஒருவர் காலமானால் மீதி அவரது குடும்பத்தின் பொறுப்பா? எடுக்கு முன் காலமானால் அவர் கட்டியது யாருக்கு? இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் சொத்துப் பங்கிடப்படும் முன்னர் இறந்தவரின் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது தெளிவான விதி. ஏனையோரும் வாரிசாக ஒருவரின் பெயரைக் கொப்பியில் எழுதி வைப்பது பின்னால் எழும் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

இதுவரை கூறியது குலுக்கற் சீட்டைப் பற்றியே. ஏலச் சீட்டின் இயல்பு வேறு. 20 பேர், மாதம் 10,000 ரூபா, மொத்தம் 200,000 எனக் கொள்வோம். பணம் அவசரமாகத் தேவைப்படுபவர் கழிவு கேட்பார். 40,000 ரூபா கழிவுக்கு ஒருவர் எடுக்கின்றார் எனின் அவர் கைக்கு வருவது 160,000. அந்த 40,000 ரூபா இருபது பேருக்கும் பகிரப்படுவதால் அம்மாதம் ஒவ்வொருவரும் 8,000 ரூபா கட்டினாற் போதும். எடுத்தவர் தானும் அந்த 8,000 ரூபாவைக் கட்டிய பின் அவரிடம் எஞ்சுவது 152,000. மீதி 19 மாதங்களும் அவர் கட்ட வேண்டும். பின்வரும் மாதங்களில் கழிவு எதுவும் இல்லாதுபோனால் அவர் கட்டப்போவது 190,000. மேலதிகமாக 38,000 ரூபா. கழிவு தொடர்ந்து இருந்தால் இச்சுமை குறையும். சில இடங்களில் எடுத்தவருக்குப் பின்வரும் கழிவுகளில் பங்கில்லை என்பதால் சேரும் முன் அதனையும் விசாரிக்க வேண்டும். பொறுமையுடன் கடைசி வரை காத்திருப்பவருக்கு இதில் இலாபம் உண்டு. அந்த இலாபம் அவசரப்பட்டவரின் கையிலிருந்தே வருகின்றது. வியாபாரிகளிடையே இது முதல் திரட்டும் வழியாக இருக்கலாம். ஆனால், மருத்துவச் செலவுக்காகக் கழிவை ஏற்றிக் கேட்கும் ஏழையை வைத்து வசதியானவர் இலாபம் பார்ப்பதை அயலவர்க்கிடையிலான உதவி எனக் கூறிக்கொள்வதில் பொருளில்லை.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை இது மார்க்க விடயமுமாகும். கழிவு என்பது கடனுக்குக் கொடுக்கப்படும் மேலதிகம் என்பதால் ஏலச் சீட்டை வட்டியெனக் கருதி உலமாக்கள் எச்சரிக்கின்றனர். கழிவற்ற குலுக்கற் சீட்டின் நிலை வேறு. எகிப்தைச் சேர்ந்த ஷாபிஈ மத்ஹபு அறிஞரும் 1659இல் மறைந்தவருமான அல்கல்யூபி, பெண்கள் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் குறித்த தொகையைச் சேர்த்து ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்துவரும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அவருக்கும் இரு நூற்றாண்டு முந்திய வலீ அல்இராக்கியின் கருத்துப்படி அது ஆகுமானதே என எழுதிச் சென்றுள்ளார். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் அதே மத்ஹபைச் சேர்ந்தோர் என்பது குறிப்பிடத்தக்கது. சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் சபையும் 1989இல் பெரும்பான்மைத் தீர்மானமாக இதனை அனுமதித்தது. மாற்றுக் கருத்துடையோரும் உளர். சீட்டுப் பிடிப்பவர் கூலி பெறுவது, தாமதித்தவரிடம் தண்டம் அறவிடுவது போன்றவற்றைத் தத்தமது உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

பணவீக்கம் கழிவற்ற சீட்டையும் தாக்கும். 2021 ஒக்டோபரில் தொடங்கி 2022 செப்ரெம்பரில் முடிந்த ஒரு பன்னிருவர் சீட்டை எண்ணிப் பார்ப்போம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். கடைசியாக 120,000 ரூபாவை எடுத்தவர் அதனைக் கொண்டு வாங்கக் கூடியதாக இருந்தது, ஒரு வருடத்துக்கு முன் ஏறக்குறைய 70,700 ரூபாவுக்கு வாங்கக்கூடியதையே. முதலில் எடுத்தவர் முழுப் பெறுமதியை அனுபவித்துவிட்டு மெலிந்த ரூபாவில் திருப்பிக் கட்டினார். எவரும் ஏமாற்றவில்லை, ஆயினும் ஒருவர் இழந்தார். விலைகள் ஏறும் காலத்தில் நீண்ட சீட்டுகளைத் தவிர்த்து பத்து வாரம், ஐந்து மாதம் எனக் குறுகியவற்றை நடத்துவதும், இச்சுற்றில் கடைசியாக எடுத்தவருக்கு அடுத்த சுற்றில் முன்னிடம் கொடுப்பதும் இதனை ஓரளவு ஈடுசெய்யும். பணத்துக்குப் பதிலாகப் பாத்திரம், தளபாடம் எனப் பொருளாகவே கொடுக்கும் சாமான் சீட்டுகளுக்கு இத்தகைய காலங்களில் ஒரு நியாயம் இருக்கின்றது. கடைக்காரரே அதனை நடத்துவாராயின் பொருளின் சந்தை விலையை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது வேறு விடயம்.

சட்டத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். சீட்டுக்கென இந்நாட்டில் 1935ஆம் ஆண்டிலேயே 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அயலவர்க்கிடையே நடக்கும் சிறு சீட்டுகள் பெரும்பாலும் அதன்படி பதிவு செய்யப்படாமலேயே நடக்கின்றன. பெருந்தொகைச் சீட்டொன்றைத் தொழிலாக நடத்த எண்ணுபவர் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறாது இறங்கக் கூடாது. சிறு சீட்டில் தகராறு எழுந்தால், பொலிஸ் நிலையத்துக்கு ஓடுமுன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது கையொப்பமிட்ட எழுத்தாகவே இருக்கும்.

சீட்டு என்ற பெயரைப் பூண்டு வரும் வேறொன்றையும் இனங்காண வேண்டும். உண்மையான சீட்டில் ஆட்களின் எண்ணிக்கை முதல் நாளே முடிவாகிவிடும். கட்டியதற்கு மேல் எவருக்கும் பணம் பெருகாது, ஏலச் சீட்டிலும் பெருகுவது சக உறுப்பினரின் கழிவே. இன்னும் இருவரைச் சேர்த்துவிடுங்கள், உங்கள் பணம் இரட்டிப்பாகும் என எவராவது கூறினால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. மத்திய வங்கியும் தொடர்ந்து எச்சரித்து வருகின்றது. சமூக வலைத்தளங்களில் முகமறியாதோர் அழைக்கும் சீட்டுகளில் சேருவோர், எடுத்தவர் மறுமாதம் கட்டுவாரா என்ற கேள்வியை யாரிடம் கேட்பர்?

பன்னிரண்டாம் மாதத்தில் கடைசியானவரும் எடுத்த பின்னர், அதே இடத்திலேயே அடுத்த சீட்டுக்குப் பெயர் எழுதத் தொடங்குவது எம்மவர் வழக்கம். ஒரு மாதம் இடைவெளி விடுவது நல்லது. இடையில் தாமதித்தவர்கள், சண்டையிட்டவர்கள், நிலைமை மாறியவர்கள் எவரையும் புண்படுத்தாது விலகிக்கொள்ள அந்த இடைவெளி உதவும். புதிய பெயர்களும் அப்போதே வரும். பழைய கொப்பியை எறிந்துவிடாது வைத்திருங்கள். அடுத்த சீட்டில் யாருக்கு முன்வரிசை என்பதை அதிலுள்ள திகதிகளைப் பார்த்தே தீர்மானிக்க முடியும்.